காதால் புரட்டிய பக்கங்கள்

அவர் படிக்கவில்லை என்பது ஒரு மாலையில் எனக்குத் தெரிந்தது. நாற்காலியில் சாய்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து, எப்போதும்போல இடது கையால் முனையைப் பிடித்துப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ஒரு தடவைகூடப் பின்னால் திருப்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் படிப்பதைப் பார்த்து வருகிறேன். நாலு பக்கம் முன்னால் போனால் ஒரு பக்கம் பின்னால் வருவார். "இவன் முன்னாடி வேற மாதிரி சொன்னானே" என்று முணுமுணுத்தபடி தேடுவார். இப்போது பக்கங்கள் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன, மின்விசிறிக் காற்று புரட்டுவதைப்போல.

அடுப்பை அணைக்கப் போனேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். கை, கால், பேச்சு எதற்கும் கேடில்லை. "கண்ணுக்கு எழுத்து தெரியும். அதைச் சேர்த்துச் சொல்லா மாத்துற வழிதான் அடைபட்டிருக்கு" என்றார் டாக்டர். எழுதக்கூட முடியுமாம், ஆனால் எழுதியதை அவராலேயே படிக்க முடியாதாம். கேட்டுவிட்டு என் கணவர் சிரித்தார். நான் டாக்டரின் முன்பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்வரிசையில் ஒன்று கட்டிய பல். பக்கத்துப் பல்லைவிட மஞ்சள் ஒரு சாயல் கூடுதல். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன், மெழுகில் பல் செதுக்குவது என் வேலை. அது அழவேண்டிய நேரம் என்று தெரிந்தது. ஆனால் அந்த நிறத்தை யார் தேர்ந்தெடுத்திருப்பார் என்றுதான் யோசனை ஓடியது.

பிறகு வந்த மாதங்களிலும் அப்படியே. பல் பிடுங்க ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டால், உதடு இருப்பது விரலுக்குத் தெரியும், உதட்டுக்குத் தெரியாது. அப்படித்தான் நான் எழுந்தேன், சமைத்தேன், பேருந்து ஏறினேன்.

ஒருநாள் பழக்கதோஷத்தில், "கடையில என்ன வாங்கணும்னு எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டேன். எழுதினார். முத்து முத்தான கையெழுத்து. எழுதி முடித்து அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கேன்?"

"சோப்பு, டீத்தூள், பல்பு."

"பரவாயில்ல. பைத்தியம் ஒண்ணும் பிடிக்கல."

எங்கள் வீட்டில் வெகுகாலமாக இரண்டு கட்சி. அவர் அச்சுக் கட்சி. நான் காதுக் கட்சி. கை இரண்டும் மெழுகில் இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது என்று ஒலிப்புத்தகம் கேட்க ஆரம்பித்தவள், பிறகு பேருந்திலும் கேட்டேன், பாத்திரம் கழுவும்போதும் கேட்டேன். அவர் எனக்கு வைத்த பெயர் வானொலி.

"நீ படிக்கல, ஒட்டுக்கேக்குற" என்பார்.

"நீங்க படிச்சா வீட்ல எறும்புகூட நடக்கக் கூடாது. நான் படிச்சா வீடே துலங்குது."

"கதையில வர்றவ குரல் எப்படி இருக்கணும்னு நான் முடிவு பண்ணுவேன். உனக்கு எவனோ முடிவு பண்றான்."

எனக்குப் பிடித்ததே அதுதான். நாளெல்லாம் எதையாவது முடிவு செய்துகொண்டே இருப்பவளுக்கு, வேறொருவர் நிறுத்தி, மூச்சுவிட்டு, இதோ இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு போவது ஒரு சுகம். இயர்போனைச் செருகிக்கொண்டால் எனக்கென்று ஓர் அறை. அந்த வீட்டில் வேறு அறை எனக்கு இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அந்த இயர்போனை அவரிடம் நீட்டினேன். "எவனோ மென்னு துப்புறதை நான் முழுங்கணுமா?" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். எடுத்து என் காதிலேயே போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தங்கை வருவாள். அண்ணனும் தங்கையும் ஒரே நாவலை ஆளுக்கொரு பிரதி வாங்கிப் படித்துவிட்டுச் சண்டை போடுவது சிறுவயது வழக்கம். அவளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். லேசான அடைப்பு, ஓய்வு வேண்டும் என்பதற்குமேல் அவளிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. "ஊருக்கே தெரியட்டும். அவளுக்கு வேண்டாம்" என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

ஒரு ஞாயிறு அப்படி வந்தவள், அவர் மடியில் புத்தகத்தைக் கண்டதும் துள்ளிவிட்டாள்.

"அண்ணி, பார்த்தீங்களா! பழைய அண்ணன் வந்தாச்சு!"

மறுநாளே தடியான புது நாவல் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். "வர்ற ஞாயிறு பாதி வரைக்குமாவது வந்திருக்கணும். சாக்குப்போக்கு சொன்னே, இதாலயே தலையில போடுவேன்."

"ஏற்கெனவே அடிபட்ட தலை. பார்த்துப் போடு."

அவள் போனபின் அட்டையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "தலைவலின்னு சொல்லிடு" என்றார்.

"எத்தனை வாரத்துக்கு?"



லேபில் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். அந்த நாவல் ஒலிப்புத்தகமாகக் கிடைத்தது. அப்போது நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கொலைக்கதை. கொன்றது யார் என்று தெரிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதை நிறுத்தினேன். தியாகமெல்லாம் இல்லை. ஒரு பல்லை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதுபோல.

சாயங்காலம் சமையலறையில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, எனக்காகப் போட்டுக்கொள்கிறவள்போலச் சத்தமாக ஓடவிட்டேன். வெகுநேரம் கழித்துக் கூடத்தில் ஒரு தாள் திரும்பும் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு குரல்.

"அந்த ஆளுக்கு ரயில் ஏதும் பிடிக்கணுமா?"

எப்போதும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறவள் நான். மாற்ற மறந்திருந்தேன். குறைத்தேன். அந்த ஆள் நிதானமாக மூச்சுவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"தண்ணியை மூடு. வக்கீல் என்ன சொன்னான்?"

கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன்.

"ஓ, இதுல பின்னாடி போகலாமா?"

"போகலாம்."

"இத்தனை வருஷம் சொல்லவே இல்ல."

"நீங்க கேக்கவே இல்ல."

இதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதன்பிறகு, "திரும்பப் போ" என்று அடிக்கடி கூடத்திலிருந்து ஆணை வரும். கையில் சோப்பு நுரையோடு போனைத் தொட முடியவில்லை. பாத்திரங்களைப் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் அங்கே புத்தகம், நான் இங்கே போன், நடுவில் சுவர். படிக்கிறவரின் வேகத்துக்குத் தோராயமாகத் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பேருந்திலும் லேபிலும் இயர்போனைப் பையிலேயே விட்டேன். இந்தக் கதையைக் கேட்டால் அவரைத் தாண்டிப் போய்விடுவேன். வேறு கதையைக் கேட்டால் இரண்டும் குழம்பும். பக்கத்து மேசைப் பெண், "என்னக்கா, உங்க காதை இன்னிக்குத்தான் முழுசாப் பார்க்குறேன். நல்ல காதுதான்" என்றாள். வெறும் காதில் லேபின் சத்தங்கள் விழுந்தன. பல்லைத் தேய்க்கும் மோட்டார். சுத்தியல். யாரோ மூக்கை உறிஞ்சுவது. எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஞாயிறு வந்தது. தங்கை தன் பிரதியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்:

"மருமக வீட்டை விட்டுப் போனது சரியா, தப்பா?"

"சரிதான். போகலைன்னா அவளும் அந்த மாமியாரா ஆகியிருப்பா."

"அதெப்படி? மாமியார் பாவம்..."

அவர் விடவில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்லி, மடக்கி, கையை ஆட்டி, பழையபடி பேசினார். டீயை வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"அந்த வக்கீல் வர்ற இடமெல்லாம் வயிறு வலிக்கச் சிரிச்சேன். மூக்காலயே பேசுறான் பாரு, சளிபிடிச்ச கொசு மாதிரி" என்றார்.

"மூக்காலயா? அப்படி எங்க வருது? எனக்கு அவன் நல்ல கட்டைக்குரல்."

"வருதும்மா."

"எந்த இடம்? காட்டு." புத்தகத்தை எடுத்துப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள்.

அந்த மூக்குக்குரல் ஒலிப்புத்தகத்தில் படித்தவரின் கைவேலை. எழுதியவர் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. என் கணவருக்கு அது தெரிய வழியில்லை. எனக்குப் புரிந்தது. 'அது நான் சொன்னதும்மா' என்று ஒரு வார்த்தை போதும். அது வாயில் தயாராகவே இருந்தது. பல் அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் மாவு இறுகுவதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து தெரியுதும்மா. படிக்க வரல. ஆஸ்பத்திரியிலேர்ந்தே."

"அப்புறம் இந்தக் கதை?"

"வானொலியில கேட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்களுமா?"

"ஆமாம்மா."

"நல்லா நடிச்சிருக்கீங்க ரெண்டு பேரும்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை அவருக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டாள். "குடு இப்படி. மெஷின் எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?"

"நீ படிச்சா தூங்கிடுவேன்."

"தூங்கு. முழிச்சதும் மறுபடி படிக்கிறேன்."

பாதிக்குமேல் ஓரிடத்தில் விரித்துச் சத்தமாக ஆரம்பித்தாள்.

நான் சமையலறைக்கு வந்தேன். இனி எனக்கு வேலையில்லை. காது எனக்கே திரும்பிவிட்டது. பையிலிருந்து இயர்போனை எடுத்து மாட்டி, கொலைக்கதையை ஓடவிட்டேன். எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, கொன்றவன் யார் என்று சொல்லப்போகிறார்கள். ஆனாலும் கூடத்துக் குரல் உள்ளே புகுந்தது. வாக்கியத்தின் வாலை விழுங்கி விழுங்கிப் படித்தாள். வக்கீலுக்கு அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல். அவர் சிரித்தார். கோர்ட் காட்சி. நேற்று அதற்கு முன்னால்தான் நிறுத்தியிருந்தோம். "இது பெரிசா இருக்கும்போல. நாளைக்கு வச்சுக்கலாம்" என்று சுவருக்கு அந்தப்பக்கமிருந்து சொல்லியிருந்தார்.

நெஞ்சுக்குக் கீழே ஏதோ புளித்துக்கொண்டு மேலே வந்தது. முதலில் வயிறு என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பிடித்தது எனக்கு. எரிச்சல். சுத்தமான, சின்னத்தனமான எரிச்சல். இயர்போனைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.

"நிறுத்தும்மா."

அவள் நிமிர்ந்தாள். "ஏன் அண்ணி, நான்தான் படிக்கிறேனே..."

"அந்த இடத்துக்கு நாங்க இன்னும் வரல" என்றேன். குரல் தேவைக்கு மேலே உயர்ந்துவிட்டது. "அதுவுமில்லாம, உன் வக்கீல் வேற வக்கீல்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தங்கையின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, மூடி, மடியில் வைத்துக்கொண்டார்.