கொடை அன்றைக்கா வகுப்பு!

பிரேமலதாவுக்கு ஒரு வாரமாகத் தரையில் கால் பாவவில்லை. கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் அவளை, இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் சேர்ந்து படிக்கும் படிப்பு ஒன்றில் நிகழ்தகவு பற்றி ஒரு மணி நேரம் நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். துபாயிலிருந்தெல்லாம் ஆட்கள் கேட்பார்களாம்! தோசை ஊற்றும்போது பேசிப் பார்த்தாள். டவுண் பஸ்ஸில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

எல்லாம் சரி, தேதியில்தான் மண் விழுந்தது. அன்றைக்குத் தெருவில் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா. குழாய் ஸ்பீக்கர் அவள் சன்னலுக்கு நேரே. நையாண்டி மேளமோ வாசலிலேயே நின்று அடிக்கும்.

"என்னங்க, மொத வகுப்பே சொதப்பிட்டா அப்புறம் எவன் என்னையக் கூப்பிடுவான்?" என்று கணவன் சுடலைமணியைப் பிடுங்கியெடுத்தாள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்க, அவன் கொடைக் கமிட்டித் தலைவர் ஆவுடைநாயகத்திடம் ஓடினான்.

"நம்ம தெருப் பிள்ள உலகத்துக்கே பாடம் எடுக்குது. இதக்கூடச் செய்யாண்டாமாவே?" என்றார் அவர். அதோடு விட்டாரா மனுஷன்? மைக்கைப் பிடித்துத் தெருவுக்கே அறிவித்தார்: "ஆறுலேருந்து ஏழு வரைக்கும் ஒரு பய சத்தம் போடப்படாது. அம்மனே பொறுத்துக்கிடுவா!"

ஆறு மணி. தவில்காரர் தவிலைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பஜ்ஜிக் கடைக்காரர் அடுப்பை அணைத்தார். அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி அடுத்த தெருவுக்கே ஓடினாள். வீட்டுக்குள்ளே கணினித் திரையில் வரிசை வரிசையாய் முகங்கள்.

பிரேமலதா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மிக்ஸிக்கும் பஸ் ஹாரனுக்கும் மேலே கத்தியே பேசிப் பழகியவள் அவள். இந்த அமைதி அவளுக்குப் பழக்கமே இல்லை. "மேடம், சத்தம் வரலையே" என்று யாரோ எழுதினார்கள்.

போச்சு, எல்லாம் போச்சு! அவள் சன்னலுக்குத் தாவி, வாசலில் நின்ற ஆவுடைநாயகத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, மேளத்த அடிக்கச் சொல்லுங்க! எனக்குப் பேச்சே வர மாட்டேங்கு!"

"ஏம்மா, நீதான நிறுத்தச் சொன்ன?"

"அடிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி!"

தவிலில் விழுந்தது ஓர் அடி. நாகஸ்வரம் தெருவையே தூக்கியது. பிரேமலதா சிரித்துக்கொண்டே நாற்காலியில் வந்து விழுந்தாள். குரல் கணீரென்று வந்தது.

"வணக்கம்! எங்க தெருவுல இன்னைக்குக் கொடை. இந்த மேளம் ஏழு மணிக்குள்ள நிக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கு? சொல்லுங்க பாப்போம்!"

"வாய்ப்பே இல்ல தாயி!" என்று குழாய் ஸ்பீக்கரில் முழங்கினார் ஆவுடைநாயகம். துபாய் வரை கேட்டது.