எடை குறைந்த ஆள்

சென்னியப்பன் படகு வாங்கிய சங்கதி, அது லாரியில் வந்து கம்பெனி வாசலில் நின்ற பிறகுதான் அவர் மனைவி சித்ரகலாவுக்குத் தெரிந்தது. நல்லூரில் அவர்களுடைய பனியன் கம்பெனி இருந்த தெரு குறுகலானது. லாரி திரும்ப வழியில்லாமல் குறுக்கே நிற்க, அதன் பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. செக்கிங் பெண்கள் மேஜையை விட்டு எழுந்து ஜன்னலில் போய் அப்பிக்கொண்டார்கள். சித்ரகலா கையில் பிடித்திருந்த டீசர்ட்டோடு வெளியே வந்து பார்த்தாள். தார்ப்பாய்க்குள்ளிருந்து வெள்ளையும் சிவப்புமாக ஒரு கூரான மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் கறுப்பாக ஒரு எஞ்சின் தொங்கியது.

"இதென்னங்க இது?"

"போட்டு. ஸ்பீடு போட்டு" என்றார் சென்னியப்பன்.

"அது தெரியுதுங்க. நம்முளுக்கு எதுக்கு?"

"டாக்டர் சொன்னாரல்ல, வேலையத் தவிர வேற எதுலயாச்சும் மனசு போகோணும்னு."

டாக்டர் சொன்னது உண்மைதான். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரு நாளாவது கம்பெனியை மறந்து இருங்கள் என்று சொல்லியிருந்தார். காலையில் நடப்பார், கோயில் குளம் என்று போவார் என்று சித்ரகலா நினைத்திருந்தாள். அவர் கண்டெய்னர் விஷயமாகக் கொச்சிக்குப் போன இடத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்து ஷெட் ஒன்றில் இந்தப் படகைப் பார்த்து, ஒரே பேச்சில் வாங்கிவிட்டார். விற்ற ஆள், "எழுபது கிலோமீட்டர் வேகத்துல பறக்கும் சார்" என்று சொன்னானாம். அந்த எழுபதுதான் பிறகு இருவரையும் பாடாய்ப்படுத்தியது.

அது மழை நன்றாகப் பெய்த வருஷம். கணியூர்ப் பக்கம் ஒரு பெரிய குளம் கரை தொட நிறைந்து கிடந்தது. அதில் மீன் குத்தகை எடுத்திருந்தவன் சென்னியப்பனின் சித்தப்பா மகன் கந்தப்பன். குளத்தை ஒட்டி அவனுக்குத் தென்னந்தோப்பும் இருந்தது. படகைத் தோப்பில் நிறுத்திக்கொள்ளவும் ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்தில் ஓட்டவும் ஏற்பாடாயிற்று. "மீனு எல்லாம் பயந்து வளராமப் போயிரப் போகுதுங்ணா" என்று கந்தப்பன் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். சென்னியப்பன் காதில் அது விழவில்லை.

முதல் ஞாயிறு சித்ரகலாவுக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. புளிசாதம் கட்டி எடுத்துக்கொண்டாள். படகில் ஏறி உட்கார்ந்ததும் முகத்தில் தண்ணீர் தெறிக்க, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் கண் முழுக்க, சிங்கப்பூரிலிருந்து யாரையோ கொண்டுவரச் சொல்லி வாங்கிய ஜி.பி.எஸ். கருவி மேல் இருந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். போகிற வேகத்தை உள்ளபடி காட்டும்.

"படகு மீட்டரு அறுபதுங்குது. இது நாப்பத்தொம்போதுங்குது."

"அதனால என்னங்க? நல்லாத்தான போகுது."

"படகு மீட்டரு பொய் சொல்லுது, புள்ள."

கரைக்கு வந்து புளிசாதம் சாப்பிடும்போதும் அவர் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் எடை குறைந்து வந்துவிட்ட நாளில் இருக்கும் முகம் அது. சித்ரகலாவுக்கு அந்த முகம் அத்துப்படி.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்பதும் ஒரு ஷிப்ட் ஆகிவிட்டது. வாரம் முழுக்க அவள் செக்கிங்கில் நிற்பாள். தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, கழுத்து கோணியிருக்கிறதா என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணை மூடினாலும் துணியாகவே தெரியும். சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்து வீட்டுக்கு வருகையில் கால் இரண்டும் தன்னுடையதல்ல என்பதுபோல இருக்கும். ஞாயிறன்று விடிவதற்குள் சென்னியப்பன் ஜீப்பில் சாமான் ஏற்றும் சத்தம் கேட்கும்.

"ஏனுங்க, இன்னைக்கும் போகோணுமா?"

"போனாத்தான வேல முடியும். எந்திரி, எந்திரி."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடி அவர் பலதையும் படித்து வைத்திருந்தார். முதலில் படகின் அடிப்பாகம். உப்புத் தண்ணீரில் கிடந்த காலத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டிக் காய்ந்து, உப்புத்தாள் போலச் சொரசொரத்திருந்தது. சொரசொரப்பு தண்ணீரைப் பிடித்து இழுக்கும், வேகம் போய்விடும் என்றார். படகைச் சாய்த்து வைத்து இருவரும் இரண்டு ஞாயிறு தேய்த்தார்கள். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அவள். கந்தப்பன் அண்ணன் மனைவிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "நங்கை, உங்களுக்குத் தலையெழுத்தா இது?" என்று கேட்டான். அவள் இளநீரைக் குடித்தாள். வேகம் ஐம்பத்து நான்குக்கு ஏறியது.

அடுத்தது எஞ்சினுக்குக் கீழே சுழலும் விசிறி. அதன் இதழ் ஒன்றில் எங்கோ பாறையில் பட்ட நசுங்கல் இருந்தது. அதை மாற்றிக் கொச்சியிலிருந்து புதிதாக ஒன்றை வரவழைத்தார். வந்த விசிறியின் திருகல் அதிகம். எஞ்சின் திணறியது, முழுதாக முடுக்கினாலும் அதற்குரிய சுற்று வரவில்லை. திருகல் குறைந்த வேறொன்று வந்தது. அதற்கு எஞ்சின் தாராளமாகச் சுற்றியது, ஐம்பத்தெட்டு கிடைத்தது. பிறகு படகின் தரையைத் திறந்து பார்த்தார். முழுகாமல் இருப்பதற்காக உள்ளே அடைத்திருந்த பழைய நுரைப் பஞ்சு தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்தது. அதை இருவரும் கையால் பிய்த்துப் பிய்த்து வெளியே போட்டார்கள். அழுகின நாற்றம் நகக்கண்ணில் ஏறி, திங்கட்கிழமை சாப்பிடும்போதும் வீசியது. காய்ந்த புதுப் பஞ்சு வைத்தார். எஞ்சினை, திருகு மாட்டும் ஓட்டைகளில் ஒன்று மேலே தூக்கி மாட்டினார். பின் சீட்டுகளைக் கழற்றி எறிந்தார். பெட்ரோலைக் கால் டேங்க் மட்டும் ஊற்றினார். அறுபத்து நான்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

பின் சீட்டு போன பிறகு சித்ரகலாவுக்குப் படகில் இடமில்லை. கரையில் தென்னை மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பாள். படகு குளத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் கத்திக்கொண்டு போகும், வரும். சாக்கில் படுக்கலாம் என்று தலையைச் சாய்த்தால், "கலா, இந்தத் துணிய எடு", "கலா, அந்த ஸ்பேனர எடு" என்று குரல் வந்துவிடும். இந்த மனுஷனுக்கு ஓய்வைக்கூட வேலையாக ஆக்கித்தான் எடுக்கத் தெரிகிறது என்று அவள் நினைத்தாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே.

மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் படகை விட்டு இறங்கி வந்து அவள் முன்னால் நின்றார். சட்டை நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எத்தன கிலோ இருப்ப?"

"எதுக்குங்க?"

"சொல்லு."

"போன தடவ ஆஸ்பத்திரில அம்பதுன்னாங்க."

"நா தொண்ணூத்தெட்டு" என்றார் சென்னியப்பன். "படகுல இனிமே கழட்ட ஒண்ணுமில்ல. என்னத்தான் கழட்டோணும்."

கந்தப்பன் சிரித்துவிட்டான். சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவளுக்கு டிவிஎஸ் ஐம்பது ஓட்டத் தெரியும், கார் ஓட்டத் தெரியும், இது அதைவிடச் சுலபம் என்றார். முடியாது என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொன்னால் மத்தியானம் வரைக்கும் பேச வேண்டியிருக்கும். ஓட்டிவிட்டால் கால்மணி நேரத்தில் முடியும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

மெதுவாக நாலு சுற்று அவரே கூட வந்து பழக்கினார். கைப்பிடியை முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் குறையும். கைப்பிடியிலேயே கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான். அதை அமுக்கினால் எஞ்சின் கொஞ்சம் சாய்ந்து படகின் மூக்கு மேலே எழும். தண்ணீரில் படும் இடம் குறையக் குறைய வேகம் கூடும். ரொம்ப அமுக்கினால் குதிக்க ஆரம்பிக்கும், அப்போது விட்டுவிட வேண்டும். கடைசியாக சாவிக்குப் பக்கத்தில் செருகியிருந்த ஒரு சிவப்புக் கயிற்றின் மறுமுனையை அவள் மணிக்கட்டில் மாட்டினார். இது பிடுங்கிக்கொண்டால் எஞ்சின் தானாக நின்றுவிடும், பயப்படாதே என்றார். மிதவைச் சட்டையின் வாரை இழுத்து இறுக்கினார், இறுக்கியதையே மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"பயமா இருந்தா வேண்டாம், புள்ள" என்றார் திடீரென்று.

"எறங்குங்க. போயிட்டு வாறேன்."

அந்தக் கோடியிலிருந்து திரும்பி, படகை நேராக நிறுத்தி, கைப்பிடியை முழுக்கத் தள்ளினாள். எஞ்சின் அலறிற்று. முதுகு சீட்டோடு அழுந்தியது. பொத்தானைத் தொட்டுத் தொட்டு அமுக்கினாள். மூக்கு எழும்பியது, கீழே அடித்துக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம் மெலிந்து, படகு குளத்தின் மேல் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. கண்ணில் காற்று குத்தி நீர் வழிந்தது. கரையில் சென்னியப்பன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவது தெரிந்து, மறைந்தது. கருவியில் அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. படகு ஒரு குதி குதித்தது. விரலை எடுத்தாள். அப்புறம் அவள் கருவியைப் பார்க்கவில்லை.

குளத்தின் நடுவுக்கு வந்ததும் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தாள். சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று மறந்துபோனது. மணிக்கட்டுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். எஞ்சின் நின்றது.

அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மெஷின் ஓடவில்லை, ஜெனரேட்டர் ஓடவில்லை, யாரும் கூப்பிடவில்லை. செல்போன் ஜீப்பில் கிடந்தது. கூப்பிட்டாலும் யாராலும் வர முடியாத இடத்தில், வெயில் இதமாக முதுகில் பட, படகு தொட்டில் போல ஆடியது. இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். சீட்டுகள் போன தரையில், மிதவைச் சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள்.

கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: படகு நின்றது, அதில் ஆளைக் காணோம். சென்னியப்பன் "கலா! கலா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பதில் இல்லை. நீந்தத் தெரியாத மனுஷன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். கந்தப்பன்தான் அவரைப் பிடித்து இழுத்து, மீன் பிடிக்கும் பரிசலில் உட்கார வைத்துத் துடுப்புப் போட்டான். பரிசல் சுற்றிச் சுற்றித்தான் நகர்ந்தது. "சீக்கிரம்டா, சீக்கிரம்டா" என்று வழிநெடுக அவர் அழுதார்.

அவள் விழித்தபோது அவர் முகம் மேலே குனிந்திருந்தது.

"என்னாச்சு புள்ள? எங்கியாச்சும் அடிபட்டுருச்சா?"

"இல்லீங்க. தூக்கம் வந்துருச்சு."

"தூக்கமா?"

"ஆமாங்க."

அவர் படகுக்குள் ஏறி, அவள் காலடியில் தொப்பென்று உட்கார்ந்தார். கந்தப்பன் கருவியை எடுத்து, அதிகபட்ச வேகம் காட்டும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எழுபத்தி ரண்டுங்ணா!" என்று கூவினான். சென்னியப்பன் அதைக் கையில் வாங்கவில்லை.

"தூங்கறதுக்கு உனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்றார் கடைசியில்.

"ஊட்டுல எங்கீங்க தூங்க உடறீங்க?"

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள், அவ்வளவுதான். அவர் நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தார். "இன்னும் சித்த நேரம் படுக்கறதுன்னா படுத்துக்க" என்றார். கந்தப்பனைப் பரிசலோடு கரைக்குப் போகச் சொன்னார். அவள் மறுபடி படுத்தாள். வெயில் முகத்தில் படாமல் இருக்க அவர் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். தூக்கம் வரவில்லை என்றாலும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு படகு ஓடவில்லை. எழுபதைத் தாண்டிய பிறகு அதில் செய்வதற்கு அவருக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. மாசியில் குளம் வற்றத் தொடங்கியதும் கொச்சியிலிருந்தே ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான். "வருத்தமா இருக்குதுங்களா?" என்று சித்ரகலா கேட்டாள். "தொட்டாச்சே. இனிமே என்ன இருக்குது?" என்றார். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார்.

ஆனால் ஞாயிறு காலையில் மட்டும் தன்னை எழுப்பக் கூடாது என்று சித்ரகலா சொல்லியிருந்தாள். அவரும் பெரும்பாலும் அந்தப் பேச்சைக் காப்பாற்றினார். ஷிப்மென்ட் நெருக்கும் வாரங்களில் படுக்கையறைக் கதவுக்கு வெளியே வந்து நிற்பார். ஒரு தடவை இருமுவார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை இருமுவார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அவளுக்கு இரண்டு இருமலும் கேட்கும். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபக்கம் திரும்பிப் படுப்பாள்.