மேற்படி பொத்தான்

எங்கள் கண் மருத்துவமனையின் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் டேஷ்போர்டு. கையில் எப்போதும் ஒரு டேப்லெட். அதில் எல்லாம் பச்சையாக இருந்தால் அவருக்கு உலகம் நலம். திங்கள் காலைக் கூட்டத்தில் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"லேசருக்கு வந்தவங்கள்ல தொண்ணூத்தெட்டு சதவீதம் பேருக்குப் பவர் நிலையா இருக்கு. வேற எந்த ஆஸ்பத்திரியில இப்படி? சொல்லுங்க பாப்போம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மனிதக் கண் அவ்வளவு ஒழுக்கமானது அல்ல என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். இத்தனைக்கும் அந்த மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை.

கண்ணாடியைக் கழற்றச் செய்யும் லேசருக்கு ஒரு விதி உண்டு. கண்ணாடிப் பவர் ஒரு வருடமாக மாறாமல் இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போகும் கண்ணைச் செதுக்கினால் கருவிழியின் மேல்படலமான கார்னியா வலுவிழந்து பிதுங்கிவிடலாம். அதனால் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: இன்றைய பவர், ஒரு வருடத்துக்கு முந்தைய பவர். இரண்டாவதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர் யார்? வரிசை தேங்கியது. பத்து மாதத்துக்கு முன் ஒருநாள் டேஷ்போர்டு என் மேசைக்கு வந்து, "ஏதாவது பண்ணுப்பா" என்றார். 'மேற்படி' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினால் இன்றைய எண்ணே பழைய கட்டத்திலும் விழும். 'பவர் மாறவில்லை என உறுதியானால் மட்டும்' என்று கீழே சிறிய எழுத்தில் போட்டேன். பத்து நிமிட வேலை.

அப்போது என் மனைவி இறந்து மூன்றாவது வாரம். டேஷ்போர்டு அனுப்பிய இரங்கல் மின்னஞ்சலில் 'தங்கள் தந்தையின் மறைவுக்கு' என்றிருந்தது. யாருக்கோ அனுப்பியதை எடுத்து எனக்கும் அனுப்பியிருந்தார். என் அப்பா நன்றாக இருக்கிறார். நன்றி என்று பதில் போட்டேன்.

கூட்டம் முடிந்து கீழே வந்தால் காத்திருக்கும் கூடத்தில் மச்சினி உட்கார்ந்திருந்தாள். என் மனைவியின் தங்கை. தீயணைப்புப் படையில் தேர்வாகியிருக்கிறாள். அடுத்த மாதம் கண் பரிசோதனை, கண்ணாடி இல்லாமல்.

"மாமா, மூணு மணிக்கு எனக்கு லேசர்! எல்லாம் பச்சை வந்துடுச்சு."

"பவர் ஏறலையா உனக்கு?"

"அதெல்லாம் அதேதான்."

"போன வருஷம் எவ்வளவு?"

"ஏதோ மூணு, மூணரை. விசாரணைக் கமிஷன் மாதிரி கேக்காதீங்க மாமா."

மேலே போய் அவள் பதிவைத் திறந்தேன். இடது கண்: இன்று மைனஸ் நாலே முக்கால், போன வருடம் மைனஸ் நாலே முக்கால். கார்னியா வரைபடத்துக்கு இயந்திரம் மஞ்சள் கொடுத்திருந்தது, சந்தேகம் என்று பொருள். மஞ்சளும் நிலையான பவரும் சேர்ந்தால் மொத்தத்தில் பச்சை. அந்தக் கணக்கைப் போட்டது மென்பொருள் கம்பெனி. அதற்குப் பொய்யை ஊட்டியது நான்.

பவர் பார்க்கும் அக்காவிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும் அதைத்தான் அமுக்குறேன் தம்பி. நீதானே வச்சுக் குடுத்த?"

"கீழ எழுதியிருக்கேனே அக்கா."

"அதைப் படிக்க எனக்கே கண்ணாடி வேணும்."

மறுபடி மச்சினியிடம் வந்தேன். "பழைய கண்ணாடி எங்க?"

"கால் உடைஞ்சுதுன்னு எங்கக்காகிட்ட குடுத்தேன். சரிபண்ணித் தரேன்னு பையில போட்டுக்கிட்டா..."

என் மனைவியின் அந்தப் பை வீட்டுக் கதவுக்குப் பின்னால் பதினோரு மாதமாகத் தொங்குகிறது. கதவை முழுவதும் திறந்தால் அது சுவரில் இடிக்கும். பாதி திறந்தே போய் வரப் பழகியிருந்தேன்.

மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்தது. எடுத்துக்கொண்டு ஜிப்பை மூடினேன்.

கண்ணாடியின் பவரை அளக்கும் லென்ஸ் மீட்டரில் வைத்துப் பார்த்தார் பவர் பார்க்கும் அக்கா. இடது: மைனஸ் மூன்று. "ஐயையோ" என்றார்.

லேசர் செய்யும் டாக்டர் முன்னால் பழைய எண்ணை அழித்து மூன்று என்று அடித்தேன். திரை சிவந்தது.

"காலையில பச்சையா இருந்துச்சே?" என்றார், திரை அவரை ஏமாற்றிவிட்டது போல. பிறகு முதல்முறையாக வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கார்னியாவின் கீழ்ப்பகுதி லேசாகப் புடைத்திருந்தது. "இதைத் தொட்டா அவ்வளவுதான்." பல வருடம் படித்தவர், நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் பொத்தானை எடுத்திருந்தேன். மேற்படி அழுத்தப்பட்டு, வரைபடமும் மஞ்சளாக இருந்தும் லேசர் செய்துகொண்ட பத்தொன்பது பேரின் பட்டியலை அச்சடித்து டாக்டர் மேசையில் வைத்தேன். டேஷ்போர்டு ஓடிவந்தார்.

"ஒரு கேஸுக்காகப் பொத்தானை எடுத்தா வரிசை தெருவுக்குப் போயிடும்பா!"

"போகட்டும் சார்."

"இந்தப் பேப்பர் எதுக்கு?"

"திரும்பக் கூப்பிட்டுப் பாக்கணும் சார், பத்தொன்பது பேரையும்."

"என் பர்சன்டேஜ் என்ன ஆகும், யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. டாக்டர் பட்டியலை எடுத்து, தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் எண்ணை அவரே அழுத்தினார். அவர்மேல் எனக்கு வந்த முதல் மரியாதை அது.

மச்சினி வாசலில் நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"என் வேலையில மண்ணைப் போட்டுட்டீங்க. திருப்தியா?"

"ஏறியிருக்குன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்தான். இப்ப என்ன?" மூக்கை உறிஞ்சினாள். "அக்கா பையைத் திறந்தீங்களா?"

"ம்."

"வேற என்ன இருந்துச்சு உள்ள?"

"பாக்கலை."

நான் நீட்டிய கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கால் தொங்கியது.

"சரிபண்ணித் தரேன்" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள். "அந்தப் பவர் இப்ப எனக்குப் பத்தாது."