வீட்டின் மூலையைத் தூக்கிய நாள்

இனாரி ஏரிக்கரையில் நாங்கள் வாங்கிய பழைய மரவீடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மேசையில் வைத்த முட்டை உருண்டு விழும். தாழ்ந்த மூலையை ஜாக்கி வைத்துத் தூக்கப்போவதாக என் கணவர் தௌனோ கிளம்பினார். உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த மாமியார் ஹில்க்கா வெளியே வர மறுத்துவிட்டார்.

“உன்னப் பாத்து பயப்படணும்னா நீ பொறந்த அன்னிக்கே ஓடியிருப்பேன்டா. போய் வேலையப் பாரு.”

தௌனோ ஜாக்கியைத் திருகத் திருக, வீடு முனகிக்கொண்டே எழுந்தது.

“முட்டை நின்னுடுச்சுடா!” என்று உள்ளிருந்து மாமியார் கத்தினார்.

தௌனோ துள்ளிக் குதித்தார். ஆனால் நிலைச்சட்டம் கோணியதில் கதவு இறுகிவிட்டது. வெளியிலிருந்து நாங்கள் இருவரும் தோளால் இடித்தும் அசையவில்லை.

“அத்தை, ஜன்னல் வழியா வாங்க!” என்றேன்.

“நடுவுல மாட்டிக்கிட்டா எந்தப் பாதியடி கொசுவுக்குக் குடுக்கிறது?”

ஜாக்கியை இறக்கச் சொன்னேன். தௌனோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “மூணு நாளா அடியில மண்ணு தோண்டி ஜாக்கிக்கு எடம் பண்ணின உழைப்பு. அம்மா கொஞ்சம் பொறுத்துக்கட்டும்.”

“தாராளமா பொறுத்துக்கறேன். சுட்ட மீன் மொத்தமும் இங்கதான இருக்கு!”

அடுத்த நிமிடமே ஜாக்கி இறங்கியது, கதவு திறந்தது, வீடு பழையபடி சாய்ந்தது. மேசையின் இரண்டு கால்களுக்கு அடியில் கட்டை வைத்துச் சாப்பிட்டோம். வீட்டை நிமிர்த்திவிட்டதாகத் தௌனோ தம்பியிடம் போனில் அளந்துகொண்டிருந்தார்.