அம்மனுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

மீன் கெட்டிருந்தால் எனக்குத் தெரியாதா? கொக்கிலமேட்டில் பிறந்து, வலை கரையேறும்போதே விலை பேசி வளர்ந்தவள் நான். என்னிடம் போய், கூடுவாஞ்சேரி பிளாட்டில் இருக்கும் ஸ்ரீதேவி அம்மா, "பவானி, உன் மீன் அழுகின முட்டை மாதிரி நாறுது" என்றார். மீன் கெட்டால் முட்டை வாடை எப்படி வரும்? கேட்டேன். சங்கரா மீனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் பிளாட் செக்ரட்டரி ராகவன் சார் கேட்டிலேயே மறித்தார்.

"எல்லாரும் கம்ப்ளெயின்ட் பண்றாங்கம்மா. வர்ற ஞாயித்துக்கிழமையும் இதே நாத்தம்னா வண்டியை உள்ளே விட மாட்டேன்."

எங்கள் வியாபாரமே அந்த பிளாட்டுகளை நம்பித்தான். அது போனால் வண்டியை விற்றுவிட்டு நான் மறுபடி தலையில் கூடை சுமக்க வேண்டியதுதான்.

வண்டி என்றால் பழைய பெட்ரோல் குட்டி டிரக். ஏதோ கூரியர் கம்பெனி ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்டதை என் வீட்டுக்காரர் சுதாகர் ஆசையாக வாங்கினார். எனக்கு வாங்கித் தராத ஷாம்பூவையெல்லாம் அதற்குப் போட்டுக் குளிப்பாட்டுவார். அப்படிப்பட்டவர் வண்டியைச் சந்தேகப்படுவாரா? மீனைச் சந்தேகப்பட்டார். நான் அவரைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து சீட்டிலிருந்து முட்டை வாடை வந்தால் வேறு யாரைச் சொல்வது? அன்றிலிருந்து வீட்டில் முட்டைக்குத் தடை. இரண்டு வேளையும் ஓமத்தண்ணி.

"நா ஒண்ணுமே பண்லமே, சத்தியமா!" என்று கெஞ்சினார். நான் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை மீன் எடுக்காமல், ஐஸ் பெட்டி வாங்க வெறும் வண்டியில் செங்கல்பட்டு போனோம். இன்ஜினை அணைக்காமலே அவர் டீ குடிக்க இறங்கினார். வண்டியில் மீனும் இல்லை, அவரும் இல்லை. நாற்றம் மட்டும் குப்பென்று வந்தது.

"யோவ், மெக்கானிக்காண்ட வுடு வண்டிய!" என்று கத்தினேன்.

மெக்கானிக் காசிநாதனும் முதலில் மீனைத்தான் குறை சொன்னார். நான் முறைத்த முறைப்பில் பேசாமல் பிளக்கைக் கழற்றினார். கரிக்கட்டையாக இருந்தது. புகைக்குழாயில் விரலை விட்டால் விரலும் கறுப்பு.

"மஞ்சக் கலர்ல இன்ஜின் லைட்டு எரிஞ்சிருக்கணுமே, அண்ணாத்த?"

"அப்பிடி ஒரு லைட்டே இல்லப்பா" என்றார் இவர்.

"அம்மனுக்குப் பின்னாடி எரியுதே, அதுவா?" என்றேன் நான்.

டேஷ்போர்டில் மாரியம்மன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். ஆடி மாதத்தில் ஒருநாள் அம்மன் முகம் தானாகவே மஞ்சளாக ஒளிவிட்டது. ஊர் முழுக்கச் சொன்னேன், கற்பூரமும் காட்டினேன். இதில் என் தப்பு என்ன? அம்மன் முகத்தில் வெளிச்சம் வந்தால் யார்தான் மெக்கானிக்கைத் தேடுவார்கள்?

காசிநாதன் தலையில் அடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.

"புகையில எவ்ளோ காத்து மிச்சம் கீதுன்னு மோந்து பாக்குற மூக்கு இது. ஆக்சிஜன் சென்சாரு. வொயரை எலி கடிச்சிட்டுக்கீது. மூக்கு அடைச்சதும் இன்ஜின் கணக்கு தெரியாம பெட்ரோலை ஊத்திக்கினே கீது. எரியாத மிச்சம், புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் டப்பாவுல போயி சேந்துதான் இந்த முட்டை நாத்தம்."

டப்பாவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே எதுவும் உடைந்து கலகலக்கவில்லை. "டப்பா தப்பிச்சிது" என்று வொயரை இணைத்து மீட்டரை வைத்தார். முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியதும், "மூக்கு தொறந்துக்கிச்சு" என்று சிரித்தார்.

"எலி எதுக்கு வண்டிக்கு வரும், மே? மீனுக்குத்தானே? நா அப்பவே சொன்னேன், மீன்தான் காரணம்னு!" என்றார் என் வீட்டுக்காரர். வாழ்நாளில் அவர் ஜெயித்த ஒரே வாக்குவாதம் அது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராகவன் சார் வண்டிக்குப் பின்னால் குனிந்து மோந்து பார்த்தார். சுற்றி வந்து மறுபடியும் மோந்தார். நிமிர்ந்தவர், "வஞ்சிரம் இருக்கா?" என்றார். அப்படியே அழுதுவிட்டேன்.

அன்று ராத்திரி இவருக்கு முட்டைக் குழம்பு வைத்தேன். போதும் போதும் என்கிறவரை போட்டேன்.

மறுநாள் காலையில் வண்டியில் ஏறினால், அம்மன் முகம் இருண்டு கிடந்தது. வழக்கம்போலக் கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"கோச்சிக்காத தாயே. இனிமே நீ இருட்டுலயே இரு."