லிகாயாவின் நொதி

எஃப்ரென் எழுந்தான். பழைய சோற்றைப் பூண்டு போட்டு வறுத்தான். காப்பி இரண்டு கோப்பை கலந்தான். ஒன்றைக் குடித்தான், மற்றதைத் தொட்டியில் ஊற்றினான். ஜீப்னி வண்டியில் ஏறிக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போனான்.

ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குவதற்கு ஒரு நொதி வேண்டும். அதை மட்டும் பிரித்தெடுக்கும் வேலையை அவனும் மனைவி லிகாயாவும் சேர்ந்து எடுத்திருந்தார்கள். ஈஸ்ட்டை உடைத்த சாற்றில் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கலக்க வேண்டும். அவசரப்பட்டால் நுரைக்கும், சூடானால் நொதி செத்துவிடும். அதனால் பாத்திரம் ஐஸ் மேல்தான் இருக்கும். ஒரு மாதத்துக்கு முன்பு ஒருநாள் ஐஸ் இயந்திரம் பழுது. லிகாயா ஐஸ் வாங்க மீன் சந்தைக்குப் போனாள். திரும்பும்போது அவள் வந்த டிரைசைக்கிள் மீது லாரி ஏறியது. போன் வந்தபோது எஃப்ரென் கலக்கிக்கொண்டிருந்தான். கேட்டான். மிச்ச உப்பையும் அதே நிதானத்தில் தூவி முடித்த பிறகுதான் எழுந்தான்.

விட்டுப்போன வேலையைச் அவனைக் 'கூயா', அண்ணா, என்று கூப்பிடும் சக மாணவி ஒடெஸ்ஸாதான் முடித்து, ஒரு சின்னக் குழாயில் உறைய வைத்திருந்தாள். இன்று அதை அவன் வெளியே எடுத்தான்.

"அத தூக்கிப் போட்டுடலாம் கூயா. ஐஸே இல்லாம பகல் பூரா கெடந்துது. செத்தத வச்சுக்கிட்டு..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்துடறேன்."

"ஒரு சோதனைக்குத்தான் வரும். அப்பறம் அவ கைபட்டதுன்னு ஒண்ணுமே இருக்காது."

"தெரியும்."

சாராயத்துளி இருந்த கண்ணாடிக் கலத்தில் குழாயில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை விட்டான். நொதி உயிரோடிருந்தால் சாராயத்தைத் திருப்பி மாற்றும், திரையில் கோடு ஏறும். கோடு மட்டமாகக் கிடந்தது. பிறகு ஏறியது.

"ஐயோ, உசுரோட இருக்கு கூயா! மகா பிடிவாதம், அப்படியே லிகாயா மாதிரி!" ஒடெஸ்ஸா சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். எஃப்ரென் திரையை நோக்கிக் குனிந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டான்.

போன் அடித்தது. மாமியார்; 'நானாய்', அதாவது அம்மா, என்றுதான் அவளைக் கூப்பிடுவான்.

"நாப்பதாம் நாள் ஜெபத்துல சொல்லணும்பா. 'அம்மாவப் பாத்துக்கோ'ன்னுதான கடைசியா சொன்னா எம் பொண்ணு? அன்னிக்கு நீ சொன்னியே."

கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. சாராயம் தீர்ந்ததும் நின்றுவிடும்.

"இல்ல, நானாய். அப்படிச் சொல்லல."

"பின்ன?"

"'கலக்கறத நிறுத்திடாத. ஐஸோட வந்துடறேன்.'"