விளக்குமாறு இழுத்த சரிவு

கட்டட வேலைக்காரர்கள் மத்தியில் அவனுக்குக் 'கண்ணாடி' என்று பெயர். அவன் தேய்த்து முடித்த கான்கிரீட் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். போன வருடம் சாரத்திலிருந்து விழுந்தான். உயிர் தப்பியது, கால்கள் இரண்டும் இனி உன்னோடு ஒத்துவராது என்று கையை விரித்துவிட்டன. அன்றிலிருந்து வாசலில் இருந்த மூன்று படிகளும் அவனுக்கு மலைகள். வெளியே போவதென்றால் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து சக்கர நாற்காலியோடு தூக்க வேண்டும். சிமெண்ட் மூட்டைக்கு வெட்கம் கிடையாது. அவனுக்கு இருந்தது.

இந்த நிலையில்தான் பழைய மேஸ்திரி சொல்லியனுப்பினார். கலவை இயந்திரத்தை உட்கார்ந்தபடியே ஓட்டலாம், வா. "ஆனா நீயா வந்து நீயா போகணும்ப்பா. உன்னைத் தூக்கறதுக்கு நான் தனியா ஆள் போட முடியாது." கறாரான பேச்சுதான். ஆனாலும் ஒரு வருடமாகக் கேட்டுச் சலித்த ஆறுதல்களைவிட அது அவனுக்கு இனித்தது.

செய்தி மைத்துனன் காதுக்குப் போனது. மனைவியின் தம்பி; அதே தொழில், அதே வாய். யார் பூச்சு வழவழப்பு என்பதில் இருவருக்கும் ஓயாத போட்டி. கண்ணாடியின் வாயிலிருந்து ஒரு பாராட்டைப் பிடுங்க மைத்துனன் படாத பாடு பட்டிருக்கிறான். "பரவாயில்ல" என்பதற்கு மேல் ஒன்றும் தேறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆட்களோடு வந்து இறங்கினான். படிகளை மூடித் தெரு வரைக்கும் நீளமாக ஒரு கான்கிரீட் சரிவு போடுவதாக ஏற்பாடு.

"முடியற வரைக்கும் உள்ளயே இரு மச்சான். எட்டிப் பார்த்தே, சக்கரத்தைக் கழட்டிடுவேன்" என்று கதவைச் சாத்தினான்.

கண்ணாடி உள்ளே இருந்தபடி காதாலேயே மேற்பார்வை பார்த்தான். ஜல்லி கொட்டுகிற சத்தம், மட்டப்பலகை இழுபடுகிற சத்தம், கடைசியில் பூச்சைத் தேய்க்கிற கரணையின் மெல்லிய கீச்சு. அந்தக் கீச்சு நிற்கவே இல்லை. இவன் எதற்கு இவ்வளவு தேய்க்கிறான்?

மதியம் கதவு திறந்தது. "வா மச்சான். இப்ப சொல்லு!"

சரிவு பளபளவென்று கிடந்தது. அதில் கதவு தெரிந்தது, வானம் தெரிந்தது, குனிந்தால் அவன் முகமும் தெரிந்தது. சத்தியமாக அவன் வாழ்நாளில் இப்படி ஒரு தேய்ப்பைப் பார்த்ததில்லை. தன்னுடையதையும் சேர்த்துத்தான். பாராட்டு நாக்கு நுனி வரை வந்தது. அதே நேரத்தில் அவன் கை தானாகச் சக்கரத்தின் ரப்பரைத் தடவியது. வந்த பாராட்டை அப்படியே விழுங்கினான். நாற்காலியிலிருந்து இறங்கி வாசலில் குப்புறப் படுத்து, ஓரத்தை விரலால் அழுத்தினான். லேசாகப் பதிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் எதுவும் பதியாது.

"அந்தக் கம்பு கட்டின விளக்குமாறை எடு" என்றான் மனைவியிடம்.

"இப்ப எதுக்குங்க?"

"எடுன்னா எடேன். இறுகிடும்."

வாங்கியவன், அந்தப் பளபளப்பின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தான். சொரசொரவென்று கோடுகள் விழுந்தன.

"அடப்பாவி!" மைத்துனன் பாய்ந்து வந்தான். "உன் பேருக்காகத்தானே இப்படித் தேய்ச்சேன்! முட்டி தேஞ்சு போச்சு மச்சான்!"

"தெரியுதுடா. ஆனா ஒரு தூறல் விழுந்தா போதும், நான் வழுக்கிட்டு நேரா ரோட்டுக்குப் போயிடுவேன். லாரிக்காரன்தான் என்னைப் பொறுக்கி எடுக்கணும்."

"ஏன், நாங்க பிடிச்சுக்க மாட்டோமா?"

"அதுதான்டா வேணாங்கறேன்."

கண்ணாடி நிறுத்தவில்லை, படுத்த இடத்திலிருந்தே வரி வரியாகக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே போனான். பாதியில் கை நின்றது. எவ்வளவு நீட்டியும் எட்டவில்லை. விளக்குமாற்றை மைத்துனன் பக்கம் நீட்டினான்.

"மீதியை நீ போடு. மாட்டேன்னா சொல்லு, இது மேலயே ஊர்ந்து போய்ப் போடறேன்."

சும்மா சொல்லவில்லை. ஒரு முழங்கை ஏற்கெனவே கான்கிரீட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டது. மைத்துனன் விளக்குமாற்றை வெடுக்கென்று பிடுங்கினான். தன் கையால் தேய்த்ததைத் தன் கையாலேயே கெடுத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, மாமன் மச்சான் என்ற உறவைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக்கொண்டே இழுத்தான். கண்ணாடி யாரும் பார்த்துவிடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஈரச் சாக்கு போட்டு மூடி, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி, கான்கிரீட் நன்றாக இறுகும்வரை காத்திருந்தார்கள். வேலைக்குப் போகிற முதல் நாள் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மைத்துனன் விடிந்ததும் குடையோடு வந்து நின்றான்.

கண்ணாடி மெல்ல இறங்கினான். தெருவைத் தொட்டதும் நாற்காலியைத் திருப்பினான்.

"எங்க போறே? வேலைக்கு நேரமாகல?" என்றான் மைத்துனன்.

"இறங்கிட்டேன். ஏறிப் பார்க்க வேணாமா?"

ஏறினான். பாதியில் மூச்சு வாங்கியது, சக்கரம் தயங்கியது. மைத்துனன் கை நாற்காலியின் முதுகுக்கு வந்துவிட்டது.

"தொட்டே, அப்புறம் உறவு கிடையாது."

மைத்துனன் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கைகளை இறுகக் கட்டிக்கொண்டு மழையில் நின்றான். ரப்பர் கோடுகளைக் கவ்வியது. ஒரு தள்ளு, ஒரு மூச்சு. இன்னொரு தள்ளு, இன்னொரு மூச்சு. வாசலில் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். முன்சக்கரம் அவள் காலடியில் வந்து முட்டியது.

கண்ணாடி திரும்பிப் பார்த்தான். மேலே அவன் இழுத்த கோடுகள் கோணல்மாணலாகக் கிடந்தன. கீழ்ப்பாதியில் மைத்துனன் போட்டவை, அந்த அழுகையிலும் ஆத்திரத்திலும்கூட, ஒன்று பிசகாமல் நேராக இருந்தன.

"மச்சான்" என்றான். "உன் பாதி என் பாதியை விட நல்லா இருக்குடா."

மைத்துனன் கட்டிய கையை அவிழ்க்காமல் அப்படியே நனைந்துகொண்டிருந்தான்.